ஆள்காட்டி

முதல் ஞாயிறு
ஆளுக்கொரு ரப்பர் பேண்டு கொடுத்தாள்
பயிற்சி தர வந்த ஹரிணிப்ரியா.
இருபத்துமூன்று வயசு. காலேஜ் தொப்பி.
"ஆள்காட்டி விரலை மடக்கிக் கட்டிக்கோங்க.
நீங்க விரலை நீட்டினா
குழந்தைங்க மரத்தைப் பார்க்க மாட்டாங்க,
விரலைத்தான் பார்ப்பாங்க."

ஒன்பது பேர் நாங்கள்.
தேங்காய்க் களத்தில் கணக்கெழுதும் நாச்சிமுத்து,
மினி பஸ் ஓட்டும் சையது முஸ்தபா,
சத்துணவு சமைக்கும் வேலாத்தாள் அக்கா,
பனியன் கம்பெனியில்
பதினாறு வருஷமாய்ச் செக்கிங் மேசையில் நிற்கிற நான்.
காங்கயத்துக்குக் கிழக்கே
கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில்
விரல் மடங்கிய கைகளோடு
வெள்வேல மரத்தடியில் நின்றோம்,
என்ன வேண்டிக்கொண்டோம் என்று
மறந்துபோனவர்களைப் போல.

இரண்டாம் ஞாயிறு
நாங்களே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.
நாச்சிமுத்து கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கி
முஸ்தபாவின் சட்டைக்குள் போட்டார்.
"டீச்சர், ஒண்ணுக்கு" என்றாள் வேலாத்தாள் அக்கா,
நிஜமாகவே.
என் முறை வந்தது.
நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்த
நாற்பத்தொரு பேரையும்
மூச்சு விடாமல் சொன்னேன்,
செடி, புல், பூச்சி, பறவை என்று
பிசகாத வரிசையில்.

ஹரிணி கேட்டாள்:
"அவங்க கண்டுபிடிக்க எதை மிச்சம் வெச்சீங்க, அக்கா?"

படியூரில் வாங்கிய டீ
கையிலேயே ஆறியது.

மூன்றாம் ஞாயிறு நான் போகவில்லை.
கம்பெனியில் அவசர லோடு என்று சொல்லிவிட்டேன்.
லோடு எதுவும் இல்லை.
ராத்திரி வேலாத்தாள் அக்கா போன் செய்தாள்:
"இன்னைக்குப் பறவைக் கூடுங்க பத்தித்தான் பாடம்.
கண்ணுல பட்டா காட்டக் கூடாதாமா.
மொகத்துல கூடக் காட்டிக்கக் கூடாதாமா.
அப்பறம், நீ வராததுக்கு
அந்தப் புள்ள ரெண்டு தடவ கேட்டுச்சு."

பங்குனி. சனிக்கிழமை. காலை ஏழரை.
யூனியன் ஸ்கூல் ஐந்தாம் வகுப்பு,
இருபத்தாறு பேர் என் முதுகுக்குப் பின்னால்.
"பாம்பு இருக்குங்களா?"
இருக்கலாம்.
"கடிக்குங்களா?"
மிதிச்சா நானுந்தான் கடிப்பேன்.
ஒரு பெண் குந்தி உட்கார்ந்துவிட்டாள்,
சாணியை உருட்டிப் போகும் வண்டின் முன்னால்.
பேர் என் நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.
"எங்கப்பாவும் சிலிண்டரை
இப்படித்தாங்க உருட்டுவாரு" என்றாள்.
என் நோட்டில் அது இல்லை.

பிறகு,
வேலி தாண்டிப் பத்தடியில்,
வெங்கச்சாங்கல் பரந்த வெறுந்தரையில்
நான்கு கற்கள் மட்டும்
கற்களாக இல்லை.

மூவாயிரம் பீஸில்
ஊசி விட்ட ஒரே கண்ணியைப் பிடிக்கிற கண்,
பார்த்ததும் எடுத்துக் காட்டித்தான் பழக்கம்.
கையும் பாதி எழுந்துவிட்டது.
ரப்பர் பேண்டு இல்லாத விரல்.

அதற்குள் எங்கிருந்தோ கிளம்பி
தலைக்கு மேல் கத்திச் சுற்றியது ஆள்காட்டிக் குருவி.
ஊருக்கெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கிறதென்று
பேர் வாங்கிய பறவை
தன் முட்டையைக் காட்டாமலிருக்க
தன்னையே காட்டிக்கொண்டிருந்தது.
எல்லாத் தலையும் மேலே.
எழுந்த கையை நெற்றியில் வைத்து
வெயில் மறைப்பதுபோல் வைத்துக்கொண்டேன்.
"எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க சாமி!"
அது மேற்கே இழுத்தது.
நான் மேற்கே நடந்தேன்.
நாங்கள் இருவருமாகச் சேர்ந்து
இருபத்தாறு பேரை ஏமாற்றினோம்.

இருபத்தைந்து.

தண்ணீர் டிரம்மடியில் வரிசை.
காலையிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காத லோகித்
என் பக்கத்தில் வந்து நின்றான்.
என்னைப் பார்க்கவில்லை.
கால்சட்டை ஓரமாய்த் தொங்கவிட்ட கையில்
கட்டைவிரலை மட்டும் மடக்கியிருந்தான்.

நான் தலையாட்டவில்லை.
"தண்ணி வேணுமா சாமி?" என்றேன்.
"வேண்டாமுங்க" என்றான்.